வாசனை தெரியாதவள் போடும் காப்பி

எனக்குக் காப்பியின் வாசனை தெரியாது. பிடிக்காது என்று சொல்லவில்லை. மூக்கு வேலை செய்யவில்லை. கொரோனா இரண்டாம் அலையில் ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தேன். உடம்பு தேறிவிட்டது, மூக்கு மட்டும் போனது போனதுதான். நாக்கில் கசப்பும் இனிப்பும் தெரியும், உப்பு புளிப்பு தெரியும். அதற்கு மேல் ஒன்றும் ஏறாது. மல்லிகைப்பூவை முகர்ந்தாலும் ஒன்றுதான், சாக்கடையோரம் நின்றாலும் ஒன்றுதான். இதில் பெரிய கூத்து என்னவென்றால், என் பிழைப்பே காப்பிக் கடை.

கடை அரியலூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரு ஷட்டர் அளவு இடம், முன்னால் ஒரு தகரச் சாய்ப்பு. சிமெண்ட் ஆலைக்குப் போகிறவர்கள், தாலுகா ஆபீஸில் மனுவோடு அலைகிறவர்கள், திருமானூர் பக்கமிருந்தும் மீன்சுருட்டி பக்கமிருந்தும் வந்து பஸ் மாறுகிறவர்கள் என்று காலையில் நல்ல கூட்டம் இருக்கும். டீயும் உண்டு. ஆனால் என் கடைக்கு வருகிறவர்கள் காப்பிக்குத்தான் வருவார்கள். பன்னிரண்டு வருடமாக நான்தான் போடுகிறேன். என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். ஷிப்ட் இல்லாத நேரத்தில் வந்து தம்ளர் கழுவுவார், பால் வாங்கி வருவார், வருகிறவர்களிடம் அரசியல் பேசுவார். டிகாக்‌ஷன் பக்கம் மட்டும் அவரை விடமாட்டேன்.

டிகாக்‌ஷன் போடுவதில் கண்ணுக்கு வேலை குறைவு. மூக்குக்குத்தான் முழு வேலை. தூளைக் கொட்டியதும் ஒரு வாசம் வரும், வெந்நீர் பட்டதும் வேறு வாசம் வரும், இறங்கி முடிகிற சமயத்தில் இன்னொன்று வரும். அந்தக் கடைசி வாசத்தில்தான் இது தேறுமா தேறாதா என்று தெரியும். பன்னிரண்டு வருடமும் நான் தூளை அளந்தது கிடையாது. கை அள்ளும், மூக்கு திருத்தும். மூக்கு போனதும், கை தன்பாட்டுக்கு அள்ளிக்கொண்டிருந்தது, திருத்துவதற்குத்தான் ஆள் இல்லை. ஒரு நாள் பால் அடிப்பிடித்துத் தெருவே நாறியிருக்கிறது. நான் அதைச் சாவகாசமாக ஆற்றி ஆற்றி ஐந்து பேருக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு என் வீட்டுக்காரர் ஓடி வந்து அடுப்பை அணைத்தார். என் மூக்கு விஷயம் அவருக்கு மட்டும்தான் தெரியும். வெளியில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். காது கேட்காதவர் பாட்டு வாத்தியார் என்று போர்டு மாட்டினால் யார் உள்ளே வருவார்கள்?

மூன்று வருடத்தில் கூட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தார்.

"ஜெயங்கொண்டத்துல ஒரு மாஸ்டர் இருக்காரு. கல்யாணத்துக்கெல்லாம் காப்பி போடுறவரு. கேட்டுப் பாத்தேன், வரேங்கறாரு."

"அவரு வந்தா நான் என்ன பண்றது?"

"நீ கல்லாவுல ஒக்காரு. எத்தினி நாளைக்குத்தான் அடுப்புல வேவ?"

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் கோபம் உச்சந்தலையில் ஏறியது. பன்னிரண்டு வருடம் நின்ற இடத்திலிருந்து என்னைக் கிளப்பி, ஓரமாக ஒரு நாற்காலியில் வைத்துவிடுகிற பேச்சு அது. எனக்குத் துக்கம் வந்தாலும் கோபமாகத்தான் வரும். என் பிறவி அப்படி. "பங்குனியில கல்லங்குறிச்சித் தேர் வரைக்கும் எனக்கு டயம் குடுங்க. அதுக்குள்ள மூக்கு இல்லாம நான் காப்பி போடக் கத்துக்கறேன். முடியலன்னா நானே அவருக்குப் போன் போட்டு வரச் சொல்றேன், நான் கல்லாவுல ஒக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

முதலில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன். பேக்கரிக்காரர்கள் வைத்திருக்கும் வெப்பமானி ஒன்றும் வாங்கினேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தினமும் எழுதினேன்: தூள் எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை, சூடு எத்தனை, இறங்கி முடிக்க எத்தனை நிமிடம். என் வீட்டுக்காரர் குடித்துப் பார்த்துச் சொல்வார், நல்ல நாளுக்கு நேரே ஒரு டிக் போடுவேன். ஒரு மாதம் கழித்து நோட்டைப் பார்த்தால் விஷயம் தெளிவாகத் தெரிந்தது. டிக் விழுந்த நாட்களில் எல்லாம் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. முக்கியமாக, நல்ல டிகாக்‌ஷன் இருபத்திரண்டு நிமிடத்தில் இறங்கியிருந்தது. இத்தனை வருடம் மூக்கு செய்த வேலையை எண்களால் செய்ய முடியும் என்று அன்றைக்கு நம்பினேன். ஆனால் கடைக் கூட்டத்தில் தராசையும் வெப்பமானியையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு பில்டரோடு மல்லுக்கட்ட முடியாது. அதற்கு ஒரு மெஷின் வேண்டும்.

பெரம்பலூரில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு ஏசி காப்பிக் கடை உண்டு. இருசக்கர வண்டி அகலத்துக்கு வெளிநாட்டு மெஷின் ஒன்று வைத்திருக்கிறார்கள். வேலையாகப் போனபோது உள்ளே போய் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினில் நின்ற பெண்ணிடம் கேட்காத கேள்வி இல்லை. அந்தப் பெண்ணும் சலிக்காமல் சொன்னாள். அது காப்பியை அழுத்திப் பிழிந்து அரை நிமிடத்தில் எடுத்துவிடுகிறது. எங்கள் காப்பி சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டியது, அந்த அவசரம் அதற்கு ஆகாது. ஆனால் இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டேன். வெந்நீரின் சூட்டை மெஷின் ஏறவும் விடுவதில்லை, இறங்கவும் விடுவதில்லை. தண்ணீர் ஒரே இடத்தில் குத்தாமல் தூள் முழுவதும் பூப்போல விழுகிறது. இந்த இரண்டையும் நம் பில்டருக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

அங்கேயே துறையூர் ரோட்டில் டீக்கடைகளுக்குப் பாய்லர் செய்கிற ஒரு பட்டறைக்காரரை விசாரித்துப் போய்ப் பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயது இளையவர். முகத்தில் வெல்டிங் கண்ணாடியின் தடம் நிரந்தரமாக விழுந்திருக்கும். நான் கொண்டுபோன காகிதத்தை வாங்கிப் படித்தார். அதில் நான் காப்பி போடுகிற விதத்தைத் தூள் வாங்குவதிலிருந்து டிகாக்‌ஷனை வடித்து வைப்பது வரை பதினோரு வரியில் எழுதியிருந்தேன்.

"என்னாக்கா, பாய்லர் கேப்பீங்கன்னு பாத்தா ஆஸ்பத்திரி மிஷினு கேக்குறீங்க."

"முடியுமா முடியாதா?"

"முடியாதுன்னு யாரு சொன்னா? இதுவரைக்கும் எவனும் கேட்டதில்ல, அவ்ளோதான்."

அந்த ஆளை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. நாலு தடவை பஸ் ஏறிப் போனேன். முதல் தடவை தூள் போடுவதற்குச் செய்த தட்டில் ஓட்டைகள் பெரியவை, தூளெல்லாம் கீழே இறங்கிவிட்டது. இரண்டாம் தடவை ஓட்டைகள் பொடியாகி, தண்ணீர் இறங்கவே இல்லை. பிறகு பெரிய ஓட்டைத் தட்டின் மேல் மெல்லிய சல்லடை ஒன்றைப் பொருத்தினார். மேல் பாத்திரத்தில் சூட்டைக் காக்க ஒரு தெர்மோஸ்டாட், அதற்குக் கீழே வெந்நீரைத் தூறலாகப் பிரித்து விடுகிற தட்டு. டிகாக்‌ஷன் விழுகிற கீழ்ப் பாத்திரத்தைச் சுற்றி வெந்நீர் நிற்க இரட்டைச் சுவர் வைத்தார். சூடு ஆறவும் கூடாது, டிகாக்‌ஷன் கொதிக்கவும் கூடாது என்று நான் சொன்னதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது. மார்கழிக் கடைசியில் பட்டறையிலேயே போட்டுப் பார்த்தோம். சரியாக இருபத்திரண்டு நிமிடம். பக்கத்து டயர் கடைக்காரர் யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்து "என்ன வாசம்யா இது" என்று கேட்டார். அவருக்கும் ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்.

மெஷினைக் கடையில் மாட்டினோம். மாடித் தொட்டியிலிருந்து நேராகக் குழாய் இழுத்து இணைத்தோம். குழாயைத் திருகினால் தண்ணீர் தானே ஏறும், தானே கொதிக்கும், தானே இறங்கும். நான் தூளை நிறுத்துக் கொட்டினால் போதும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் முதல் வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். தினமும் கேட்பேன், தினமும் அதையே சொன்னார்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் அவர் ஷிப்டுக்குப் போய்விட்டதால் தம்ளர்களை நானே கழுவினேன். பாதிக்கு மேற்பட்ட தம்ளர்களில் இரண்டு விரல் உயரத்துக்குக் காப்பி மிச்சம் இருந்தது. என் கடைத் தம்ளரில் அடி மண்டியைத் தவிர எதுவும் மிஞ்சி நான் பார்த்ததில்லை. மறுநாளும் எண்ணிப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. அத்தனை நாள் தம்ளர் கழுவியவர் இதைப் பார்க்காமலா இருந்திருப்பார்? அன்று அவர் வந்ததும் தம்ளர்களை வரிசையாக முன்னால் வைத்தேன்.

"இது என்னங்க?"

அவர் தம்ளர்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். "மண்ணு மாதிரி இருக்கு. சப்புன்னு இருக்கு. மொத நாளே தெரியும்."

"பின்ன ஏன் நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

"ரெண்டு மாசமா பஸ் ஏறி அலைஞ்ச. ஒடஞ்சி போயிடுவியேன்னுதான்."

அன்றைக்கு நான் அவரைப் பேசியதை எழுத முடியாது. மூக்கு போனதைவிட அது வலித்தது. எனக்கு இருந்தது அவருடைய நாக்கு ஒன்றுதான். அதையும் நம்ப முடியாதென்றால் நான் எதை வைத்துக் காப்பி போடுவது? "நீங்க பொய் சொன்னா நான் நெஜமாவே குருடிங்க" என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவராக வந்து, "இனிமே உள்ளத உள்ளபடி சொல்லிடுறேன். அடிச்சாலும் சரி" என்றார்.

மெஷின்தான் குற்றவாளி என்று முடிவுகட்டினேன். தூளை மாற்றினேன், சிக்கரியைக் குறைத்தேன், பால்காரரைச் சந்தேகப்பட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பட்டறைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவரும் விடவில்லை. "என் பட்டறையில நல்லா வந்துச்சா இல்லியா? ஊரே குடிச்சுச்சு. உங்க ஊருல போயி கெட்டுப் போச்சுன்னா நான் என்ன பண்றது?" என்று அவரும் கத்தினார். கத்திவிட்டு அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். அதுதான் அவர் குணம்.

மெஷினைப் பிரித்தார். தூறல் தட்டின் ஓட்டைகளைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. என் நோட்டை வாங்கிப் புரட்டினார். மெஷின் மாட்டிய நாளிலிருந்து டிகாக்‌ஷன் இறங்க முப்பது நிமிடம் ஆகியிருக்கிறது. நானே என் கையால் எழுதியதுதான். கோபத்தில் யார் நோட்டைப் பார்த்தது? பிறகு குழாயில் ஒரு வாய் பிடித்துக் குடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னக்கா தண்ணி இது? கல்லைக் கரைச்சி ஊத்துன மாதிரி இருக்கு."

"எங்க ஊரு போர்த் தண்ணி அப்படித்தான். பூமிக்குக் கீழ பூரா சுண்ணாம்புக்கல்லு. ஒங்களுக்குக் கொள்ளிடத்துத் தண்ணி வருது, நீங்க பேசுவீங்க."

"சரி, மெஷினு வாங்கறதுக்கு முன்னாடி காப்பிக்கு எந்தத் தண்ணி ஊத்துனீங்க?"

"தெளிவுத் தண்ணிதான்."

"தெளிவுன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. தெளிவுத் தண்ணீர் தெரியாத மனிதரும் உண்டா? எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் சாயங்காலம் ஒரு அண்டாவில் போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடிவிடுவார்கள். ராத்திரி முழுக்க அது அசையக்கூடாது. காலையில் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைக் கலக்காமல் மேலாக மொண்டு எடுப்பதுதான் தெளிவு. குடிக்க, சோறு வடிக்க, பருப்பு வேகவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். என் கடையிலும் பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். இதை நான் அவரிடம் சொல்லச் சொல்ல என் சிரிப்பு நின்றுபோனது.

அவர் சட்டைப் பையிலிருந்து என் காகிதத்தை எடுத்தார். எண்ணெய் பட்டு மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. "இதுல பதினோரு வரி இருக்கு. தெளிவு எந்த வரியில இருக்கு?" என்றார்.

எந்த வரியிலும் இல்லை. தூளை எத்தனை கிராம் என்று எழுதியிருந்தேன், கரண்டியை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்றுகூட எழுதியிருந்தேன். தண்ணீரைத் தெளியவைப்பதை எழுதவில்லை. அது காப்பி வேலை என்றே எனக்குத் தோன்றியதில்லை. வாசல் கூட்டுகிற மாதிரி, பல் விளக்குகிற மாதிரி ஒரு வேலை. இதில் கொடுமை, மெஷின் மாட்டிய பிறகும் அண்டாவில் தெளிவு வைப்பதை நான் நிறுத்தவில்லை. வருகிறவர்கள் குடிக்க அது மெஷினுக்கு அரை அடி தள்ளி மண்பானையில் நின்றுகொண்டிருந்தது. தாகத்துக்கு நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் காப்பியில் கல்லைக் கரைத்து ஊற்றியிருக்கிறேன். என்னை நானே இரண்டு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"கேன் தண்ணி ஊத்துங்க, முடிஞ்சுது" என்றார் பட்டறைக்காரர். தட்டில் படிந்ததைச் சுரண்டிக் கழுவிவிட்டு ஊற்றிப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு, புது வாக்குறுதி ஞாபகம் வந்து, கொஞ்சம் பயந்துகொண்டே, "மண்ணு போயிடுச்சு. ஆனா ஒடம்பே இல்ல. வெறும் சாயம் மாதிரி இருக்கு" என்றார். நான் கோபப்படவில்லை. நோட்டில் அதை அப்படியே எழுதினேன். அப்புறம் அண்டாவிலிருந்து தெளிவை மொண்டு மெஷினில் ஊற்றினேன். இருபத்திரண்டு நிமிடம். அவர் ஒரு வாய் குடித்தார், தம்ளரைக் காலி செய்தார். பட்டறைக்காரர் இரண்டாவது தம்ளர் கேட்டார்.

ஆனால் கூட்டத்தில் அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு ஊற்ற முடியாது. மொள்ளும்போது அடி கலங்கும். தெளியவைப்பதையும் மெஷினே செய்ய வேண்டும். பட்டறைக்காரர் தட்டையான அடியுள்ள தொட்டி ஒன்றைச் சாக்பீஸால் தரையில் வரைந்தார். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அடி தட்டையா இருந்தா படிஞ்சது அங்கங்க நிக்கும். பிளாண்டுல சிமெண்ட் கொட்டுற தொட்டி அடியில கூம்பா இருக்கும். தானா சரிஞ்சி ஒரே எடத்துக்கு வந்துடும்" என்றார். பட்டறைக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு முதல் படத்தைக் காலால் அழித்தார். கூம்பு அடியுள்ள தொட்டி தயாராயிற்று. முனையில் சுண்ணாம்பைத் திறந்துவிட ஒரு வால்வு, அதற்கு நாலு விரல் மேலே தெளிவு எடுக்க ஒரு குழாய். சாயங்காலம் கொதித்து ராத்திரி தெளியும், காலையில் தானே மெஷினுக்குப் போகும். மாசிக் கடைசியில் தம்ளர்கள் காலியாகத் திரும்பி வர ஆரம்பித்தன. நோட்டில் பதினோரு வரி பன்னிரண்டு ஆனது, தெளிவை முதல் வரியாக எழுதினேன்.

தேர் நாள் வந்தது. கல்லங்குறிச்சிக்குப் போகிறவர்கள் விடியலிலிருந்தே அரியலூரில் வந்து இறங்குவார்கள். முதல் விளைச்சலைப் பெருமாளுக்குச் சேர்க்க நெல் மூட்டையும் கம்பு மூட்டையுமாக வருவார்கள். சிலர் கன்றுக்குட்டியையே பிடித்துக்கொண்டு வருவார்கள். கெடு முடிகிற நாள் என்பதால் என் வீட்டுக்காரர் ஜெயங்கொண்டத்து மாஸ்டரையும் அன்றைக்கு வரச் சொல்லியிருந்தார். நான்தான் கெடு வைத்தவள், வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லை. மாஸ்டர் வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், தோளில் துண்டோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்து என் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் என் இடத்துக்கு வந்திருக்கிற மனிதர் என்பதால் நான் தூளை இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தேன்.

ஆறரை மணிக்குள் தொட்டியில் தெளிவு முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. வெளியே இருபது முப்பது பேர் நிற்கிறார்கள். நான் ஒரு காரியம் செய்தேன். கொஞ்சம்தானே என்று தொட்டிக்குள் போர்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொதிக்க வைத்தேன். தெளிய நேரம் கொடுக்கவில்லை. மேலிருந்து விழுந்த தண்ணீர் அடியில் கிடந்த சுண்ணாம்பையும் கலக்கியிருக்கும். டிகாக்‌ஷன் இறங்கியது. கடிகாரத்தைப் பார்த்தேன், இருபத்தெட்டு நிமிடம். அந்த எண் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், கூட்டத்தைப் பார்த்து, மாஸ்டரைப் பார்த்து, பரவாயில்லை என்று பாலை ஊற்றி முதல் தம்ளரை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

அவர் குடித்தார். மாஸ்டர் பார்க்கிறார், வரிசையில் முன்னால் நிற்பவர்கள் பார்க்கிறார்கள். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"சரியில்ல. கொட்டிடு."

அந்த ஒரு நொடியில் எனக்கு வந்தது சந்தோஷம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஊர் முன்னால், அந்த மாஸ்டர் முன்னால், மனிதர் எனக்காகப் பொய் சொல்லவில்லை. பாத்திரத்தைத் தூக்கி அவ்வளவு டிகாக்‌ஷனையும் சாக்கடையில் கவிழ்த்தேன். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. மாஸ்டர் எழுந்து என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"ஏம்மா கொட்டிட்டீங்க? பால் கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்தி ஓட்டியிருக்கலாமே. இந்தக் கூட்டத்துல யாருக்குத் தெரியப் போவுது?"

"எல்லாருக்கும் தெரியும்ங்க. எனக்குத்தான் தெரியாது."

"புரியலையே."

"எனக்கு வாசனையே தெரியாதுங்க. காய்ச்சல்ல மூக்கு போயிடுச்சு. மூணு வருசத்துக்கு மேல ஆச்சு. எண்ணிக்கைய வச்சுத்தான் போடுறேன், அவரு குடிச்சுப் பாத்துச் சொல்லுவாரு. தப்பா வந்தா கொட்டித்தான் ஆவணும். என்னால சமாளிக்கல்லாம் முடியாது."

தணிந்த குரலில் சொல்லத்தான் நினைத்தேன். என் குரல் தணியவில்லை. வரிசை முழுவதும் கேட்டுவிட்டது. மூன்று வருடத்துக்கு மேல் மூடி வைத்தது அப்படித்தான் வெளியே வந்தது. இனி இந்தக் கூட்டம் எதிர்க் கடைக்குப் போகும், நான் கல்லாவுக்குப் போவேன் என்று நினைத்துக்கொண்டு துணியை எடுத்து மேடையைத் துடைத்தேன்.

பக்கத்துப் பூக்கடை அம்மா எழுந்து போய்த் தன் கடைக்குள்ளிருந்து ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "இந்தா, ராத்திரி காய்ச்சுனது. நல்லாத் தெளிஞ்சிருக்கு. கலங்காம ஊத்து" என்றாள். அடுத்து இஸ்திரிக் கடைக்காரர் அரைப் பானை கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் வாளியோடு எதிர்ச்சாரிக்குப் போய் செருப்புக் கடையிலும் சைக்கிள் கடையிலும் வாங்கி வந்தார். எல்லாக் கடையிலும் தெளிவு இருந்தது. அரியலூரில் இல்லாமல் எப்படி இருக்கும்? மேல் பாத்திரத்தில் நேராக ஊற்றினேன், தூளை நிறுத்துக் கொட்டினேன். "இருவத்திரண்டு நிமிசம் ஆவும். பஸ்ஸுக்கு நேரமானவங்க போயிட்டு வாங்க" என்று வரிசையிடம் சொன்னேன். நாலைந்து பேர் போனார்கள். மற்றவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்கள்.

மாஸ்டர் என் நோட்டைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொட்டு விழுந்தபோது கடிகாரம் சொன்ன கணக்கு சரியாக இருந்தது. முதல் தம்ளரை என் வீட்டுக்காரர் குடித்து முடித்துத் தலையசைத்தார். இரண்டாவதை மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் மெதுவாகக் குடித்துவிட்டு, தம்ளரைத் தானே அலம்பிக் கவிழ்த்துவிட்டு, "எனக்கு இங்க வேலை இல்லப்பா. அந்தப் பட்டறைக்காரரு நம்பர மட்டும் குடு" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

வரிசையில் முதலில் நின்றது மீன்சுருட்டி பக்கத்து அம்மா ஒருத்தி. காலடியில் கம்பு மூட்டை. நான் நீட்டிய தம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, குடிக்காமல் கொஞ்ச நேரம் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாசம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருது தாயி. ஒனக்கு மட்டும் வரலையாக்கும்?" என்றாள்.

"வரலீங்க. நீங்க சொன்னாப் போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தம்ளரில் பாலை ஊற்றினேன்.